முழங்காலுக்கு மேல்

அந்த ஊர் நகரசபையில் ஒரு விதி உண்டு. வீட்டுக்கு முன்னால் இருக்கிற மண்ணில் எது முளைத்தாலும் முழங்காலுக்கு மேல் வளரக் கூடாது. யாருடைய முழங்கால் என்று கேட்காதீர்கள். அதைக் கேட்டுத்தான் சபையில் ஒரு முழு மத்தியானம் வீணாய்ப் போனது. கடைசியில் அப்போதைய தலைவரையே எழுப்பி நிறுத்தி, டேப் பிடித்து அளந்து, நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டார்கள். மனிதர் குள்ளம். அதனால் ஊர்ப் புல்லும் குள்ளமாகவே இருக்க வேண்டியதாயிற்று.

அந்த நாற்பத்திரண்டு சென்டிமீட்டருக்குக் காவலாக ஓர் ஆய்வாளர் இருந்தாள். ஐம்பத்தாறு வயது. கையில் ஒரு மரக்கோல், அதில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. செடிக்குப் பக்கத்தில் கோலை நட்டுப் பார்ப்பாள். கோட்டைத் தாண்டியிருந்தால் நோட்டீஸ். ஊர் அவளுக்கு முழங்காலம்மா என்று பெயர் வைத்திருந்தது. அது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரியே நடந்துகொள்வாள்.

வேலை புல்லோடு முடிவதில்லை. உரிந்து தொங்குகிற சுவர்ப் பெயிண்ட், சாய்ந்து நிற்கிற வேலி, கூரைத் தகரத்தில் அடைத்துக் கிடக்கிற சருகு எல்லாம் அவள் பாடுதான். எல்லாவற்றையும்விடத் தெருவோரத்து மழைநீர் வாய். இரும்புக் கம்பி போட்ட அந்த ஓட்டைக்குள் மழைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் போகக் கூடாது. அதில் விடுவதெல்லாம் எங்கேயோ போய்ச் சுத்தமாகிவிடும் என்று ஊரில் பாதிப் பேருக்கு நினைப்பு. அப்படி இல்லை, அது நேரே ஏரிக்குத்தான் போகிறது என்று அவள் தொண்டை வற்றச் சொல்வாள். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டு, அவள் முதுகு திரும்பியதும் கார் கழுவின சோப்புத் தண்ணீரை அதிலேயே ஊற்றுவார்கள்.

மூன்று வருடமாக அவளுக்கு ஒரு கனவு வந்துகொண்டிருந்தது. தெருவில் நடக்கிறாள், முழங்கால் வரைக்கும் தண்ணீர். கலங்கல் இல்லை, பயமும் இல்லை. வீடுகள் எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன, ஜன்னல் திரைகள் மட்டும் மெல்ல அசைகின்றன. தண்ணீருக்கு அடியில் புல்லெல்லாம் சீப்பால் வாரிவிட்டதைப் போல ஒரே பக்கமாகப் படிந்து கிடக்கிறது. அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது. போகப் போகத் தெரு நீண்டுகொண்டே இருக்கிறது. விழித்துப் பார்த்தால் கால்விரல்கள் சில்லென்று இருக்கும். கணவரிடம் சொன்னால் போர்வை விலகியிருக்கும் என்பார். எதையும் பெரிதுபடுத்தாத மனிதர்.

அந்த வருடம் மழைக்காலம் தொடங்குகிற வாரத்தில் அவள் மேசைக்கு ஒரு புகார் வந்தது. எழுதியவர் ஒரு பல் டாக்டர். எதிர்வீட்டு முன்பக்கத்தில் செடிகள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன, உள்ளே என்ன இருக்குமோ என்ற பயத்தில் என்னிடம் வருகிறவர்கள் வாயைத் திறக்க மறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அதுவரை சிரித்துக்கொண்டே படித்தவள், விலாசத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அது அவள் நாத்தனார் வீடு.

கணவருக்கு ஒரே தங்கை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே சந்தோஷமாகவும் இருந்தவள். ஒரு காலத்தில் அண்ணியும் நாத்தனாரும் நகமும் சதையுமாக இருந்தார்கள். வாரக் கடைசியில் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து கணவரைக் கிண்டல் செய்வதுதான் அந்த வீட்டின் பொழுதுபோக்கு. ஒரு அண்ணியும் நாத்தனாரும் இப்படியும் இருப்பார்களா என்று அக்கம்பக்கம் வாயைப் பிளந்தது. யார் கண் பட்டதோ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் கண் பட்டு எதுவும் கெடவில்லை. கெடுத்தது முழங்காலம்மாதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நாத்தனார் தன் வீட்டு முன்பக்கத்துப் புல்லையெல்லாம் பெயர்த்துப் போட்டாள். நடுவில் அகலமாக ஒரு பள்ளம் தோண்டினாள். ஏரிக்கரையில் தன்னால் முளைக்கிற செடிகளின் விதைகளைப் பொறுக்கி வந்து தூவினாள். அந்த மண்ணுக்கே உரிய செடிகளுக்கு ஒரு குணம் உண்டு. முதல் வருடம் மேலே ஒன்றும் காட்டமாட்டா. வேரை இறக்குவதிலேயே வருடம் போய்விடும். கண்ணுக்குத் தெரிவது நாலு நோஞ்சான் இலை, அதுவும் பார்க்கக் களை மாதிரி. அலுவலகம் கொடுத்த படப் புத்தகத்திலோ பூத்துக் குலுங்குகிற செடிகளின் படம்தான் இருந்தது. முழங்காலம்மா கோலோடு வந்து பார்த்தாள். புத்தகத்தில் இருப்பது எதுவும் தரையில் இல்லை. நிஜக் களையும் அங்கங்கே கோட்டைத் தாண்டி நின்றது. களை என்று எழுதிவிட்டாள்.

"இந்த ஒரு வருஷம் பொறுங்க அண்ணி" என்று நாத்தனார் கேட்டாள். கேட்டவர்களுக்கு ஒரு மாதத் தவணை கொடுக்க விதியில் இடம் இருந்தது. முழங்காலம்மா அதை ஊரில் எல்லோருக்கும் தாராளமாகக் கொடுப்பவள். நாத்தனாருக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. சொந்தக்காரி வீட்டை விட்டுவிட்டாள் என்று நாளைக்கு யாரும் நாக்கில் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே என்ற பயம். ஊருக்கு நல்லவளாக இருக்க வீட்டுக்குப் பொல்லாதவளானாள். நாத்தனார் கடையில் இருந்த நேரத்தில் வெட்டுகிற ஆட்கள் வந்து, மெஷினை விட்டு வெறும் மண் தெரியும்வரை சுரண்டிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் மழை பெய்தது. பிடித்துவைக்க ஒரு வேர்கூட இல்லாத மண் குழைந்து, தெருவில் இறங்கி, மழைநீர் வாயை அடைத்தது. தெருவே குளமாயிற்று. பல் டாக்டர் வீட்டு முன்னறையில் கணுக்கால் அளவு தண்ணீர். வந்தவர்களின் செருப்புகள் ஜோடி பிரிந்து மிதந்தன. காரணம் என்ன என்று அறிக்கை எழுத வேண்டியவளும் முழங்காலம்மாதான். 'அளவுக்கு மீறிய மழை' என்று எழுதினாள். அலுவலக மாடியிலிருக்கும் மழைமானியில் அன்றைக்கு இரண்டு விரல் தண்ணீர்தான் இருந்தது. அவளே ஏறிப்போய்ப் பார்த்திருந்தாள்.

அதற்குப் பிறகு அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றும் நடந்திருக்கும். இங்கே இரண்டும் இல்லை. கணவர் மட்டும் வாரம் ஒரு தடவை தங்கை வீட்டுக்குப் போய்வருவார். வந்து, நல்லா இருக்கா, என்பார். இவளும் நல்லது என்பாள். புகார் எதுவும் வராததால் அந்தத் தெருப் பக்கமே போகாமல் மூன்று வருடம் இப்படியே ஓட்டிவிட்டாள்.

இப்போது மறுபடியும் கோலை எடுத்துக்கொண்டு அங்கே போக வேண்டும். நோட்டீஸ் ஒட்டினால் பத்து நாள் கெடு. பத்தாம் நாள் மெஷின் வரும். போன தடவை போனது நாலு நோஞ்சான் இலை. இந்தத் தடவை போகப்போவது மூன்று வருடம்.

மத்தியானம் மூன்று மணிக்குப் போனாள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. தெரு பாதித் தூக்கத்தில் இருந்தது. நாத்தனார் வீட்டை அவளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. வாசல் கேட் இருந்தது, தூரத்தில் கூரை இருந்தது, நடுவில் வீட்டைக் காணோம். பழுப்பும் பச்சையுமாகப் புல் தலைக்கு மேல் நின்றது. இடையிடையே மஞ்சள் பூ, தண்ணீர் நிறத்தில் ஒரு சின்னப் பூ, கருத்துப்போன விதைத் தலைகள். ஒவ்வொரு தண்டிலும் ஏதோ ஒரு பூச்சிக்கு ஏதோ ஓர் அவசர வேலை இருந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் கோலை நட்டாள். சிவப்புக் கோடு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, கோலே உள்ளே முழுகிவிட்டது. ஒற்றையடிப் பாதை ஒன்று வளைந்து வளைந்து போயிற்று. போனாள். கேட்டிலிருந்து வாசற்படிக்குப் பத்தடி இருந்தால் அதிகம். ஆனால் அவள் நடந்துகொண்டே இருந்தாள். தெருச் சத்தம் பின்னால் எங்கேயோ தங்கிவிட்டது. இலைகள் முழங்கையைத் தொட்டன, தோளைத் தொட்டன, ஒரு பூ கன்னத்தில் மகரந்தத்தை அப்பியது. கனவில் நடக்கிற அதே நடைதான், ஆனால் இங்கே கால் விரல்கள் சில்லிடவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. திருப்பத்தில் ஒரு மரப்பெஞ்சு இருந்தது, அதில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க அண்ணி" என்றாள் நாத்தனார், நேற்றுத்தான் பார்த்தவளைப் போல. தலையில் பாதி நரைத்திருந்தது. நாத்தனாருக்கு நரைத்ததுகூடத் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று முழங்காலம்மாவுக்குச் சுருக்கென்றது. நின்றபடியே புகாரைப் பற்றிச் சொன்னாள். பல் டாக்டரா, என்று நாத்தனார் கேட்டுக்கொண்டாள். அவர் நல்ல மனுஷன்தான், இருட்டில் கிடக்கிற பல்லையே பார்த்துப் பார்த்து வெளிச்சத்தில் எது நின்றாலும் பயம் வந்துவிட்டது என்றாள். முழங்காலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

செடிகளுக்கெல்லாம் நாத்தனார் பெயர் வைத்திருந்தாள். அலுவலகப் பட்டியலில் அவற்றுக்கு எண் இருந்தது; இங்கே உறவுமுறை. வேலியில் சாய்ந்துகொண்டு ஒரு வேலையும் செய்யாமல் நிற்கிறதே, அது சித்தப்பா. பக்கத்து வீட்டுக்குள் போய் விதை போடுகிற மஞ்சள் பூ பெரியம்மா. எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது மாமா. தனக்கென்று இடமே கேட்காமல் எல்லோர் காலடியிலும் படர்ந்து, மண்ணை நகர விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற சின்ன இலைச் செடிக்கு அண்ணன் என்று பெயர். தன் கணவருக்கு இதைவிடப் பொருத்தமான சர்டிபிகேட் கிடைக்காது என்று முழங்காலம்மா நினைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகுதான் கேட்டது உறைத்தது.

"இருந்தது" என்றாள் நாத்தனார். குரலில் கோபம் இல்லை. "முதல் வருஷம் வெட்டினதுல எல்லாம் அடுத்த மழைக்குத் திரும்ப வந்துடுச்சு. அது மட்டும் வரல. நானும் வரும் வரும்னு அந்த எடத்த மட்டும் சும்மாவே விட்டு வச்சிருக்கேன்."

பள்ளத்தின் ஓரத்தில், இரண்டு கை அகலத்துக்கு, வெறும் மண் தெரிந்தது. சுற்றிலும் எல்லாம் முட்டி மோதி வளர்ந்திருக்க, அந்த இடத்தை மட்டும் யாரோ தினமும் துப்புரவாக வைத்திருந்தார்கள். முழங்காலம்மா அதைப் பார்த்தாள். நோட்டீஸ் காகிதம் கைக்குள் ஈரமாகிக்கொண்டிருந்தது. அழுகை வரப் பார்த்தது. ஆனால் அது கண்ணுக்கு ஏறி வருவதற்குள் மழை வந்துவிட்டது.

பெஞ்சுக்கு மேலே தகரச் சாய்ப்பு ஒன்று இருந்ததால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. மழை நிதானமாகப் பெய்தது. புல்லெல்லாம் குனிந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் நடைபாதைக் கல் ஒன்று வெகு நாளாக உடைந்து கிடந்தது. அந்த வழியாகத் தெருத் தண்ணீர் உள்ளே திரும்பியது. மேட்டுத் தெருவின் தண்ணீரெல்லாம் வந்தது. செங்கல் நிறத்தில், சருகும் நுரையுமாக, வந்த வேகத்தில் தண்டுகளுக்கு நடுவே நுழைந்து வேகம் குறைந்து, பள்ளத்தில் பரவி நின்றது. நின்றதும் தெளிந்தது. வானம் அதில் கொஞ்சம் தெரிந்தது.

முழங்காலம்மா முப்பது வருடமாக மழைத் தண்ணீரைப் பற்றி ஊருக்குப் பாடம் நடத்துகிறவள். தண்ணீர் இப்படி வீட்டுக்கு வந்தவளைப் போல உள்ளே வந்து உட்காருவதை அன்றைக்குத்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கண் சொருகிற்று. பாதித் தூக்கத்தில் பக்கத்திலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது, கடையைப் பற்றி, ஒரு கண்ணுக்கு மட்டும் லென்ஸ் கேட்டு வந்த யாரோ ஒரு பெரியவரைப் பற்றி. தான் ஏதோ பதில் சொல்வதும் கேட்டது. இரண்டு பேரும் சிரிப்பதுகூடக் கேட்டது. அது நடந்ததா, நடந்ததாக நினைத்தாளா என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

கண் விழித்தபோது மழை விட்டிருந்தது. சாயங்கால வெளிச்சம். பள்ளத்தில் தண்ணீர் இல்லை. ஈர மண் மட்டும் இருந்தது, அதில் ஒரு குருவி நடந்துபோன தடம். எழுந்து தெருவுக்கு வந்து பார்த்தாள். மழைநீர் வாய்க் கம்பியில் ஒரு சருகுகூட இல்லை. பல் டாக்டர் வீட்டு வாசல் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று வருடமாக அந்தத் தெருவில் தண்ணீர் தேங்கியதாக ஒரு புகார்கூட வந்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வராத புகாரை யார் கவனிக்கிறார்கள்.

நோட்டீஸை ஒட்டாமல் போக முடியாது. ஒட்டினாள். நாத்தனாரே உள்ளேயிருந்து பசை டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதை மனப்பாடமாகத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். பின்பக்கத்தில், யாரும் புரட்டாத இடத்தில், அவளுக்கு வேண்டியது இருந்தது. வீட்டு முன்பக்கத்தில் அந்த மண்ணுக்கே உரிய செடிகள் இருந்து, மழைத் தண்ணீர் ஒரு நாளுக்குள் வற்றிவிடுமானால், முழங்கால் விதி அந்த வீட்டுக்குக் கிடையாது. உயிர் வந்தது. அடுத்த வரியைப் படித்ததும் போயிற்று. அந்தச் செடிகள் வெட்டுப்படாமல் நான்கு கோடையைக் கண்டிருக்க வேண்டும். நாத்தனார் விதைத்து நான்கு கோடை ஆகிவிட்டது. ஆனால் முதல் கோடையில்தான் வெட்டு விழுந்ததே. எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியதில் மூன்றுதான் தேறியது. ஒரு கோடை குறைகிறது. குறைத்தவள் அவள்.

அதற்குக் கீழே இன்னும் பொடி எழுத்தில் ஒரு வழி இருந்தது. வெட்டியது அலுவலகத்தின் தவறு என்றால் அந்த வெட்டைச் சேர்க்க வேண்டாம். ஆனால் வீட்டுக்காரர் அதைப் புகாராக எழுதித் தர வேண்டும். எந்த அலுவலர் தவறு செய்தார் என்று பெயரைக் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அலுவலரே தன் மேல் புகார் கொடுத்துக்கொள்ள வழி இல்லை. அப்படி ஒரு ஆள் இருக்கக்கூடும் என்று விதி எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை போல.

புகார் வந்தால் பழைய கோப்பு திறக்கும். 'அளவுக்கு மீறிய மழை' வெளியே வரும். மழைமானியின் இரண்டு விரல் கணக்கும் வரும். தவறு செய்த ஆய்வாளரிடம் கோலைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மிச்சமிருக்கிற காலத்துக்கு உள்ளே உட்கார்ந்து சீல் குத்த வேண்டியதுதான். வருடக் கடைசியில் தலைமை ஆய்வாளர் இடம் காலியாகிறது. பதினோரு வருடமாக அதற்காகக் காத்திருந்தவள் அவள். இதையெல்லாம் யோசித்தாள், யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாவது நாள் சாப்பாட்டு மேசையில் கணவரிடம் சொன்னாள்.

அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய விஷயத்துக்காவது வாயைத் திறப்பார் என்று பார்த்தால், தண்ணீர் குடித்துவிட்டு, தங்கச்சி உன் மேல் புகார் கொடுக்கமாட்டாள், என்றார். ஏன் என்று கேட்டதற்கு, எனக்குத் தெரியும், என்றார்.  கை கழுவ எழுந்து போகும்போது, போகிற போக்கில் அவள் தோளில் ஒரு நிமிடம் கையை வைத்துவிட்டுப் போனார்.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது, காலை ஏழு மணிக்கு அவள் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கோலை எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரி பெய்த மழையின் ஈரம் எல்லாவற்றிலும் இருந்தது. பனி மாதிரி ஏதோ ஒன்று இடுப்பளவு உயரத்தில் நின்றது. பூக்கள் அதற்கு மேலே தனியாக மிதந்தன. பாதை இந்தத் தடவை நீளவில்லை. நாத்தனார் சமையலறையில் இருந்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக முழங்காலம்மா அந்த வீட்டுக்குள் காலை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே முழுக்கப் புல்லாக இருந்ததால் உள்ளே வெளிச்சம் பச்சையாக விழுந்து, தண்ணீருக்கு அடியில் நிற்பது போலத்தான் இருந்தது.

உட்காருவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம். பொடி எழுத்து, நான்கு கோடை, குறைகிற ஒன்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"அதனால என் மேல நீ புகார் கொடுக்கணும்" என்றாள். "நான் தப்பாதான் வெட்டினேன். தப்புன்னு அன்னிக்கே தெரிஞ்சுது, மழை வந்தன்னிக்கு. தெரிஞ்சும் மாத்தி எழுதினேன். ஊருக்கெல்லாம் ஒரு மாசம் கொடுத்தேன், உனக்குக் கொடுக்கல. நீ என் நாத்தனார்ங்கிற ஒரே காரணத்துக்குத்தான் கொடுக்கல. வேற காரணமே இல்ல."

நாத்தனார் அடுப்பைத் தணித்தாள்.  உள்ளறைக்குப் போய் ஏதோ ஓர் இழுப்பறையைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு காகிதத்தை மேசையில் வைத்தாள்.

நகரசபையின் புகார்ப் படிவம். மடிப்பு விழுந்து, ஓரம் மஞ்சளாகியிருந்தது. மேலே இருந்த தேதி மூன்று வருடம் பழையது. வெட்டு விழுந்த அந்த வாரத்துத் தேதி. வீட்டு விலாசம், விதைத்த நாள், என்னென்ன செடி, எந்தப் பிரிவின்படி அந்த வெட்டைச் சேர்க்கக் கூடாது, எல்லாம் நாத்தனாரின் பொடிப் பொடி எழுத்தில் நிரம்பியிருந்தது. முழங்காலம்மா ஐந்து நாளுக்கு முன்னால் கண்டுபிடித்த பின்பக்கத்து விதி, எண்ணோடு, அங்கே இருந்தது. அன்றைக்கே இதைக் கொடுத்திருந்தால் இவள் வேலை அன்றைக்கே ஆட்டம் கண்டிருக்கும். இந்த முற்றத்துக்கு ஒரு கோடையும் குறைந்திருக்காது. எல்லாம் தெரிந்துதான் ஒருத்தி இதை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறாள்.

ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. 'தவறு செய்த அலுவலரின் பெயர்.'

"எல்லாத்தையும் எழுதிட்டேன்" என்றாள் நாத்தனார். "கவுண்டர் வரைக்கும் போனேன். அந்தக் கட்டத்துக்கு மட்டும் கை வரல. அண்ணின்னு எழுதலாமான்னு கேட்டேன். அப்படியெல்லாம் எழுதக் கூடாது, பேர்தான் எழுதணும்னாங்க. சரின்னு வீட்டுக்கு வந்துட்டேன்."

முழங்காலம்மா அந்தக் காலிக் கட்டத்தை இன்னொரு தடவை பார்த்தாள். மூன்று வருடம் தன்னோடு பேசவில்லை என்று யாரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாளோ, அவள் இந்த மூன்று வருடமும் தன் பெயரை எழுதாமல் இருந்திருக்கிறாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கத் தோன்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"வேணாம் அண்ணி" என்றாள் நாத்தனார். "புல்லு திரும்ப வளரும். நான் இன்னும் ஒரு தடவை விதைச்சுக்கிறேன். எனக்கென்ன அவசரம்?"

"பேர்தானே எழுதணும்னாங்க" என்றாள் முழங்காலம்மா. முப்பது வருடம் எத்தனையோ நோட்டீஸின் அடியில் கிறுக்கித் தள்ளிய தன் பெயரை, அந்தக் கட்டத்துக்குள் ஒவ்வோர் எழுத்தாக, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எழுதினாள். பிறகு காகிதத்தையும் பேனாவையும் நாத்தனார் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"கையெழுத்து மட்டும் நீ போடணும்மா" என்றாள். "அதை நான் போட முடியாது."